ஸ்காபரோ வீடொன்றில் குளிர்காற்று நுழைந்த வழி: அகச்சிவப்பு வெப்பமானியால் தேடிக் கண்டது

பின்னணி

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோ பகுதியில் 1950களில் கட்டப்பட்ட ஒற்றை மாடிச் செங்கல் வீடு. கீழே பேஸ்மென்ட். அதில் ஒரு பாதி சுவர் அடித்துப் பெயின்ட் பூசியது. மறுபாதியில் வெறும் அத்திவாரச் சுவர், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், தண்ணீர் ஹீற்றர், துணி துவைக்கும் மெஷின். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மனைவியின் தாயார் என ஐந்து பேர் அங்கே இருக்கிறார்கள்.

பிள்ளைகளின் அம்மம்மாவுக்கு ஒதுக்கிய அறை வடமேற்கு மூலையில் இருக்கிறது. குளிர்காலத்தில் பலத்த காற்று அநேகமாக அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். தெர்மோஸ்டாட்டை 24இல் வைத்தும் அவர் இரண்டு சோடி காலுறையோடு, கால்களைக் கட்டிலுக்கு மேலே தூக்கி வைத்தபடிதான் இருப்பார். மற்றவர்கள் வரவேற்பறையில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். அறையில் மின்சார ஹீற்றர் ஒன்றும் ஓடியது. காஸ் பில்லும் ஏறியது, மின்சார பில்லும் ஏறியது.

அந்தச் சமயத்தில் யன்னல் விற்பவர் ஒருவர் வந்தார். கையில் துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானி. உள்சுவரில் காட்டினார்: 22 டிகிரி. யன்னல் கண்ணாடியில் காட்டினார்: 9 டிகிரி. அதற்கு மேல் அவர் பேசவேண்டிய தேவையே இருக்கவில்லை. எல்லா யன்னல்களையும் மாற்ற 14,000 டொலருக்கு மேல் விலை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் கிட்டத்தட்ட கையெழுத்து வைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். அம்மம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, யன்னலுக்குள்ளால இல்லை. காலடியாலதான் காத்து ஓடுது" என்று மருமகனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்பதால் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னேன். அவர் ஹார்ட்வேர் கடையில் ஐம்பது டொலருக்குள் அதே வகைக் கருவி ஒன்றை வாங்கினார். அளந்ததும் அடைத்ததும் பெரும்பாலும் அவரே.

கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இந்தக் கருவி காற்றை அளப்பதில்லை. எதிரே உள்ள பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, அந்தப் பரப்பின் வெப்பநிலையைக் கணித்துக் காட்டுகிறது. குளிர்காற்று ஒரு பரப்பைத் தடவிக்கொண்டு வந்தால் அந்தப் பரப்பு குளிரும்; கருவிக்குத் தெரிவது அந்தக் குளிர்ச்சிதான். ஆனால் பரப்பு குளிர்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. உள்ளே இன்சுலேஷன் இல்லாமல் இருக்கலாம். கண்ணாடியைப் போல வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தும் பொருளாக இருக்கலாம். இரண்டு வெளிச்சுவர்கள் சந்திக்கும் மூலையாக இருக்கலாம். மூன்றுக்கும் திரையில் ஒரே மாதிரி எண்தான் வரும். யன்னல் விற்றவர் காட்டிய 9 பொய்யில்லை. இரட்டைக் கண்ணாடி யன்னலாக இருந்தாலும் வெளியே கடும் குளிர் என்றால் கண்ணாடி அந்த அளவுக்குத்தான் இருக்கும். அது காற்று புகுவதற்குச் சாட்சி ஆகாது.

கருவி காட்டும் சிவப்புப் புள்ளி விழும் இடம் மட்டுமே அளக்கப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கருவி பார்ப்பது டார்ச் வெளிச்சம் போல விரிந்துகொண்டு போகும் ஒரு வட்டம். 12:1 என்று போட்டிருந்தால், 12 அடி தள்ளி நின்றால் ஒரு அடி அகல வட்டத்தின் சராசரி வரும். சுவரோரத்து ஒரு விரல் அகல இடுக்கை அறை நடுவில் நின்று தேடினால் ஒன்றும் அகப்படாது. குனிந்து, ஒரு சாண் தூரத்தில் பிடிக்கவேண்டும்.

ஒரு பரப்பு அகச்சிவப்பை எவ்வளவு நன்றாக வெளிவிடுகிறது என்பது அதன் கதிர்வீச்சுத் திறன்; உச்சம் 1. மலிவான கருவிகள் எல்லாப் பரப்பையும் 0.95 திறன் கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும். பெயின்ட் பூசிய சுவர், மரம், கண்ணாடி ஆகியவற்றுக்கு இது பரவாயில்லை. பளபளக்கும் உலோகத்தில் முழுப் பொய் சொல்லும். சுற்றியுள்ளவற்றின் பிரதிபலிப்பைத்தான் படிக்கும். அந்த இடத்தில் கறுப்பு மின் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளந்தால் சரியாக வரும். இவ்வகைக் கருவிகளில் இரண்டு டிகிரி அளவுக்குப் பிழை சாதாரணம். ஆகவே தனி எண்ணைப் பார்க்காமல், ஒரே கருவியால் அளந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தையே பார்த்தோம்.

முதல் அளவீடு

சூரியன் எழுமுன், காற்று பலமாக வீசிய ஒரு ஜனவரி விடியற்காலை. வெளியே மைனஸ் 14. உள்ளுக்கும் வெளிக்கும் பத்து டிகிரியாவது வித்தியாசம் இல்லாவிட்டால் இந்த வேலையில் பயனில்லை. வெயில் பட்ட சுவரும் ஏமாற்றும். காரில் கிடந்த கருவியை எடுத்த கையோடு அளக்கக் கூடாது என்பதால், அதை இரவே வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். ஃபர்னஸை நிறுத்திவிட்டு, விறாந்தையின் உள்சுவரை ஒப்பீட்டுக்கு எடுத்தோம்: 21.8. அளக்கும் இடம் ஒவ்வொன்றிலும் சின்ன மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டி எண் போட்டோம்.

அம்மம்மாவின் அறையில் கண்ட எண்கள்: வெளிச்சுவரின் நடுப்பகுதி 17. யன்னல் கண்ணாடியின் நடு 10, கீழ் ஓரம் 7. யன்னல் சட்டத்தின் இடது கீழ் மூலை 8. சீலிங்கோடு சேரும் மேல் மூலை 13.2. சுவர் அலுமாரியின் உட்புறம் 12. வெளிச்சுவரில் இருந்த பிளக்கின் மூடி 14.5. சுவரும் தரையும் சேரும் இடத்தில், அடிப்பலகையின் கீழ்விளிம்பு 11.5.

இத்தோடு நிறுத்தியிருந்தால் முதல் குற்றவாளி கண்ணாடி, அடுத்தது யன்னல் சட்டம், மூன்றாவதுதான் அடிப்பலகை. விற்பனையாளரின் கணக்கும் அதுவே.

அம்மம்மாவின் சாமித்தட்டில் இருந்த ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னலடியில் பிடித்தோம். புகை அறைக்குள் தள்ளப்படவில்லை. கண்ணாடியை ஒட்டி மெதுவாகக் கீழே வழிந்தது. கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த அறைக்காற்றே கனத்து இறங்குகிறது. யன்னலருகே இருப்பவருக்கு இதுவும் காற்று அடிப்பது போலவே தோன்றும். இடுக்குகளை அடைக்கும் பசையான கோக்கிங் பூசி இதை நிறுத்த முடியாது, ஒரு தடித்த திரைச்சீலை கொஞ்சம் உதவும். அடிப்பலகையில் பிடித்தபோதோ, புகை சட்டென்று வளைந்து அறையின் நடுப்பக்கம் ஓடியது.

விசிறிகளைப் போட்டு இரண்டாம் முறை

வீட்டிலிருந்து காற்றை வெளியே இழுத்தால் எல்லா ஓட்டைகளாலும் வெளிக்காற்று உள்ளே வரும். தொழில்முறை ஆய்வாளர்கள் வாசலில் பெரிய விசிறி பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் இதைச் செய்வார்கள். நம்மிடம் இருந்தவை குளியலறை விசிறி, அடுப்புக்கு மேலுள்ள ஹூட், துணி டிரையர். மூன்றும் காற்றை வெளியே தள்ளுபவைதான்.

இதில் ஓர் ஆபத்து உண்டு, அதை முதலில் கவனித்தோம். பேஸ்மென்டில் இருந்த காஸ் தண்ணீர் ஹீற்றர் பழைய வகை. எரிந்த புகை தன் சூட்டினாலேயே குழாய் வழியே மேலேறிப் போகவேண்டும். வீட்டுக்குள் அழுத்தம் குறைந்தால் அந்தப் புகை திரும்பி உள்ளே வரலாம், அதோடு மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டும் வரலாம். எனவே ஹீற்றரின் குமிழை, சிறு சுடர் மட்டும் எரியும் பைலட் நிலைக்குத் திருப்பிவிட்டு, படுக்கையறைகளுக்கு அருகிலிருந்த கார்பன் மொனொக்சைட் அலாரத்தைச் சோதித்தபின்தான் விசிறிகளைப் போட்டோம். ஒன்ராரியோவில் காஸ் எரியும் வீடுகளுக்கு இந்த அலாரம் 2014 முதல் சட்டப்படி கட்டாயம்.

இருபது நிமிடம் கழித்து அதே டேப் துண்டுகளில் மறுபடி அளந்தோம். கண்ணாடி 10இலிருந்து 9.8. வெளிச்சுவர் 16.8. மேல் மூலை 13. அலுமாரி 11.8. இவை அசையவே இல்லை என்று சொல்லலாம். அடிப்பலகை 11.5இலிருந்து 7.5க்கு விழுந்தது. பிளக் 14.5இலிருந்து 11. யன்னல் சட்டத்தின் அந்த இடது மூலை 8இலிருந்து 5.

என்னைக் கேட்டால், இந்தக் கருவியின் முழுப் பெறுமதியும் இந்த இரண்டாம் அளவீட்டில்தான் இருக்கிறது. விசிறி போட்டதும் விழும் எண் காற்றின் வேலை. விழாத எண் இன்சுலேஷனோ கண்ணாடியோ மூலையோ. அங்கே எவ்வளவு பசை பூசினாலும் வீண். யன்னல் முழுவதும் நிரபராதி என்றும் இல்லை: அந்த இடது மூலையில் பூட்டு சரியாக இறுகாமல் சட்டம் ஒரு மயிரிழை விலகி நின்றது.

இன்னொன்றும் தெரிந்தது. விறாந்தைச் சீலிங்கில், கூரைக்குக் கீழுள்ள வெற்றிடமான அட்டிக்குக்கு ஏறும் மூடி இருக்கிறது. முதல் அளவீட்டில் அதன் ஓரம் 19.5 காட்டியது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. விசிறி போட்டபின் அதே ஓரம் 12. குளிர்காலத்தில் சூடான காற்று மேலேறி மேலுள்ள இடுக்குகளால் வெளியேறுகிறது. அது விட்டுப்போன இடத்தை நிரப்பப் பேஸ்மென்ட் பக்கத்தால் குளிர்காற்று உள்ளே இழுபடுகிறது. வெளியேறும் காற்று வீட்டின் சூட்டோடு போவதால் மூடியின் ஓரமும் சூடாகவே இருந்தது. மேலே உள்ள ஓட்டைகளை, காற்றின் திசையைத் திருப்பாமல், உள்ளிருந்து இந்தக் கருவியால் கண்டுபிடிக்க முடியாது.

பேஸ்மென்டில்

அம்மம்மாவின் அறைக்கு நேர் கீழே பேஸ்மென்டின் முடிக்காத பாதி. அத்திவாரச் சுவரின் தலையில் மரத்தளம் வந்து உட்காரும் விளிம்பு, ரிம் ஜொயிஸ்ட் என்பார்கள், முழுவதும் மஞ்சள் ஃபைபர்கிளாஸ் பஞ்சு திணிக்கப்பட்டிருந்தது. அதன் முகத்தில் கருவி 15 காட்டியது. பார்த்தால் நல்ல எண்.

ஆனால் பஞ்சின் சில இடங்களில் கறுப்புக் கறை இருந்தது. பூஞ்சணம் போலத் தெரிந்தாலும் தொட்டால் வெறும் தூசு. ஃபைபர்கிளாஸ் காற்றைத் தடுக்காது, வடிகட்டத்தான் செய்யும். ஆண்டுக்கணக்கில் ஊடே போன காற்றின் அழுக்கு அங்கே தங்கியிருக்கிறது. கறை இருந்த துண்டுகளை இழுத்து எடுத்துவிட்டு உடனே பின்னாலிருந்த மரத்தை அளந்தபோது மைனஸ் 2. ஓரிடத்தில் மைனஸ் 6. அங்கே கைவிரல் இரண்டு போகும் ஓட்டை ஒன்று, பின்பக்கம் வெளிச்சம் தெரிந்தது. காஸுக்கு மாறுமுன் எண்ணெயில் ஓடிய ஃபர்னஸுக்கு எண்ணெய் ஊற்றும் குழாய் போன வழி. குழாயை வெட்டி எடுத்தவர்கள் ஓட்டையைப் பஞ்சால் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து காற்று செங்கல்லுக்கும் பிளாஸ்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஏறி, மேலே அடிப்பலகைக்குக் கீழாலும் பிளக்காலும் வெளிப்பட்டது. கிழவி சொன்ன காலடிக் காற்றின் ஊற்று இதுதான்.

காற்றோடு சம்பந்தமில்லாத இன்னொரு குறையும் அங்கேயே அகப்பட்டது. ஃபர்னஸை மறுபடி ஓடவிட்டு அறைகளில் சூடான காற்று வரும் வென்ட்களை அளந்தபோது, மற்ற அறைகளில் 42ம் அம்மம்மாவின் அறையில் 31ம் வந்தன. அந்த அறைக்குப் போகும் தகரக் குழாயில் அளந்தால் 24. டேப் ஒட்டி அளந்தால் 43. ஆக, குழாயின் தொடக்கத்தில் சூடு இருக்கிறது, போகும் வழியில் தொலைகிறது. ஒரு பொருத்து விலகி, சூடான காற்று பேஸ்மென்ட் சீலிங்கை வீணே சூடாக்கிக்கொண்டிருந்தது.

அட்டிக்கில் நிறுத்தியது

மேல் மூலையின் 13 டிகிரிக்குக் காரணம் அட்டிக்கில், கூரையோரமாக இன்சுலேஷன் மெலிந்திருப்பது என்று ஊகித்தோம். வீட்டுக்காரர் அன்றே ஏறிப் பார்க்கத் தயாராக மூடியை இரண்டு அங்குலம் தூக்கினார். மூடியின் விளிம்பில் சாம்பலும் பழுப்புமாக, மினுங்கும் சிறு கூழாங்கற்கள் போன்ற துகள்கள். உடனே மெதுவாக மூடச் சொன்னேன்.

அது வெர்மிகுலைட், பழைய வீடுகளில் இன்சுலேஷனாகக் கொட்டிய ஒரு கனிமம். வட அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட் இன்சுலேஷனில் பெரும்பங்கு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து வந்தது, அதில், மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமமான ஆஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. பழைய வீடுகளின் அட்டிக்குகளில் அந்தச் சரக்கு இன்னும் கிடக்கிறது. கலைக்காமல் விட்டால் ஆபத்து குறைவு; கிளறினால் நார்கள் காற்றில் கலக்கும். கனடியச் சுகாதாரத் துறையின் ஆலோசனையும் இதேதான்: தொடாதே, சீலிங்கிலுள்ள இடுக்குகளை அறைப் பக்கமிருந்து அடை. மூடியின் விளிம்பைக் கீழிருந்தே கோக்கிங் பூசி ஒட்டிவிட்டு, மாதிரி எடுக்கத் தகுதியுள்ளவரை அழைத்தார்கள். ஆய்வகச் சோதனையில் ஆஸ்பெஸ்டஸ் இருப்பது உறுதியானது.

அடைத்தவை

ரிம் ஜொயிஸ்டில் பஞ்சை எடுத்துவிட்டு, கெட்டி ஃபோம் பலகையை ஒவ்வொரு இடைவெளிக்கும் அளவாக வெட்டிச் செருகி, சுற்றிவர ஸ்ப்ரே ஃபோம் அடித்தார்கள். எண்ணெய்க் குழாய் ஓட்டையை வெளிப்பக்கம் சிமெந்து வைத்து மூடினார்கள். தண்ணீர் ஹீற்றரின் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பகுதியில் ஃபோம் படக்கூடாது. அங்கே தகரமும் சூடு தாங்கும் பசையும். அடிப்பலகைக்குக் கீழே மெல்லிய கோக்கிங். பிளக் மூடிகளுக்குப் பின்னால், பிரேக்கரை நிறுத்திவிட்டு, ஃபோம் கேஸ்கெட். அந்த ஒரு யன்னலில் பூட்டைச் சரிசெய்து, காற்றைத் தடுக்கும் புது வெதர்ஸ்ட்ரிப் பட்டி. தகரக் குழாயின் பொருத்தில் அலுமினிய டேப். துணி டேப் ஒட்டினால் சில குளிர்காலத்தில் காய்ந்து உரிந்துவிடும். பொருட்களுக்கான செலவு சில நூறு டொலர். யன்னல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவில்லை.

பின் நடந்தவை

வெளியே மைனஸ் 12 ஆக இருந்த ஒரு காலையில் அடிப்பலகை 16.5 காட்டியது. வென்ட் 38. அம்மம்மா ஒரு சோடி காலுறைக்கு இறங்கினார். மின் ஹீற்றர் பேஸ்மென்டுக்குப் போனது. தெர்மோஸ்டாட்டை 21.5க்குக் குறைத்தும் யாரும் முறையிடவில்லை. காஸ் பாவனையை வானிலைக்கு ஏற்ப, அதாவது ஒவ்வொரு நாளும் வெளி வெப்பநிலை 18க்கு எத்தனை டிகிரி கீழே போனது என்று கூட்டி வரும் 'டிகிரி நாட்களால்' வகுத்துப் பார்த்தபோது, எட்டில் ஒரு பங்கு அளவு குறைந்திருந்தது. அதில் பெரும்பகுதி தெர்மோஸ்டாட்டைக் குறைத்ததால் வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் காற்றை அடைக்காமல் தெர்மோஸ்டாட்டைக் குறைத்திருக்கவும் முடியாது.

எதிர்பாராத விளைவுகள் இரண்டு. ஒன்று, யன்னல்களின் கீழ் ஓரத்தில் தண்ணீர் கோர்த்தது. முன்பு ஓட்டைகளால் போய்க்கொண்டிருந்த ஈரம் இப்போது உள்ளே தங்குகிறது. ஈரப்பதம் 45 சதவீதம். 22 டிகிரி அறையில் அந்த ஈரப்பதத்துக்கு, 9.5 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோர்க்கும். யன்னல் ஓரமோ 7. ஈரப்பதத்தை 35க்கு இறக்கினால் அந்த எல்லை 6க்குப் போய்விடும். வீட்டுக்குள் உடுப்பு காயப்போடுவதை நிறுத்தினார்கள், குளித்தபின் குளியலறை விசிறியை ஓடவிட்டார்கள். சோறு வடிக்கும்போது குசினி ஹூட்டைப் போடவேண்டும் என்றும் முடிவானது.

அங்கேதான் இரண்டாவது விளைவு குறுக்கிட்டது. அடைப்பு வேலை முடிந்ததும் தண்ணீர் ஹீற்றரை எரியவிட்டு, எல்லா விசிறிகளையும் போட்டு, அதன் புகைவாயருகே ஊதுபத்தி பிடித்தோம். புகை குழாய்க்குள் போகாமல் திரும்பி வந்தது. அலாரம் அடிக்கவில்லை, என்றாலும் இது விட்டுவைக்கக்கூடிய விஷயம் அல்ல. உடனே ஹீற்றரையும் விசிறிகளையும் நிறுத்தி, யன்னல்களைத் திறந்துவிட்டோம். காஸ் தொழிலாளர் வந்து பார்த்தபின், ஹூட்டைக் குறைந்த வேகத்தில் மட்டும், அதுவும் பேஸ்மென்ட் யன்னலைச் சற்றுத் திறந்து வைத்துப் பாவிப்பது என்று தற்காலிக ஏற்பாடு. ஹீற்றர் வாடகைக்கு எடுத்தது என்பதால் நிறுவனத்தோடு பேசி, விசிறியால் புகையை வெளியே தள்ளும் வகைக்குச் சில வாரங்களில் மாற்றினார்கள்.

மறுபடி செய்வதானால்

தண்ணீர் ஹீற்றரின் புகைச் சோதனையை அடைக்கும் முன்பே ஒரு தடவை செய்து, முடிவை எழுதி வைக்கவேண்டும். இப்போது அந்தப் புகை திரும்பியது அடைத்ததாலா, சக்திவாய்ந்த ஹூட் பூட்டிய நாளிலிருந்தே அப்படித்தானா என்று சொல்ல வழியில்லை. 1990க்கு முந்திய வீட்டில் அட்டிக் மூடியில் கை வைக்குமுன் வெர்மிகுலைட்டை நினைக்கவேண்டும். ஈரப்பதமானி ஒன்றையும் வெப்பமானியோடு சேர்த்தே வாங்கியிருக்கலாம், விலையும் பெரிதில்லை. தேடலை அறையில் அல்ல, பேஸ்மென்டில் தொடங்கியிருந்தால் பாதி நேரம் மிச்சம்.

மேல் மூலை இன்னும் 13இலேயே நிற்கிறது. உரிமம் பெற்றவர்கள் வெர்மிகுலைட்டை அகற்றியபின்தான் அட்டிக்கில் புது இன்சுலேஷன் போடமுடியும், அதற்கான விலைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை பூஞ்சணம் பிடிக்காதிருக்க, அந்த மூலையை அடைத்து நின்ற புத்தக அலுமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தியிருக்கிறார்கள்.